அரசனின் ஆள், புத்தரின் அடிமை: பழைய பர்மாவில் படைச்சேவையும் பிறப்பும்

 

அண்ணன் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டம் நிற்காமல் நடந்தது. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலைப் பத்தி பத்தியாக வாசித்துக்கொண்டிருந்த நாட்களில், கல்லூரி முதலாண்டு படித்த ஒரு தங்கை எழுந்து கேட்டார்: “பௌத்தம் ராஜாக்களோட மதமாவே இருந்த நாட்டுல, பொறப்பால இழிவு இல்லாம இருந்துச்சா அண்ணா?” அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசக்கூடாது. பர்மாவ எடுத்துப் படிங்க. நம்ம சனம் போய் வந்த நாடு அது” என்றார். அந்த வீட்டுப்பாடத்தை முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். இன்று அவர் பெயரால் நடக்கும் இந்த அவையில் அதை ஒப்படைக்கிறோம்.

நம்ம சனம் போய் வந்த நாடு என்று அண்ணன் சொன்னது பேச்சுக்காக அல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு ரங்கூனிலும் கிளை இருந்தது. வயல் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் கப்பலேறிய ஒடுக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். 1942இல் நடந்தே திரும்பியவர்களின் கதை உங்கள் வீடுகளில் இருக்கும். 1954 டிசம்பரில் ரங்கூனில் கூடிய மூன்றாவது உலக பௌத்த மாநாட்டுக்கு பாபாசாகேப் போனார். அடுத்த இரண்டாண்டுக்குள் நாக்பூரில் தீட்சை. ஆகவே பர்மா நமக்கு அயல்நாடு மட்டுமல்ல. இருந்தாலும் அந்த நாட்டின் பழைய அரசுகள் எப்படி ஆள் பிடித்தன, யாரைப் படைக்கு அனுப்பின, யாரை எதற்குக் கட்டிவைத்தன என்பது பற்றி நாம் பேசியதே இல்லை.

பகானில் மியாசேதி என்ற கோயிலருகே கிடைத்த ஒரு கல்லிலிருந்து தொடங்குவோம். நான்கு முகம் கொண்ட கல். 1112-13ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரே செய்தி பாலி, மோன், பியூ, பர்மியம் என நான்கு மொழிகளில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம். வழக்கொழிந்த பியூ மொழியைப் படிக்க வழி திறந்ததும், பர்மிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்றாக நிற்பதும் அந்தக் கல்தான். செய்தி என்ன? சன்சித்தா மன்னர் நோயுற்றிருக்கிறார். அவர் மகன் ராஜகுமார், இறந்துபோன தன் தாயின் அடிமை ஊர்கள் மூன்றை, தான் செய்த பொன் புத்தர் சிலைக்கு எழுதிவைக்கிறான். இந்த அடிமைகளுக்கு யாராவது இடையூறு செய்தால் வரப்போகும் மைத்ரேய புத்தரைக் காணும் பேறு அவர்களுக்குக் கிடைக்காமல் போகட்டும் என்ற சாபத்தோடு கல் முடிகிறது. ஒரு மொழியின் முதல் ஏடுகளில் ஒன்றே அடிமை ஊர்களின் தானப் பத்திரம். மூன்று ஊர்களின் பெயர் இருக்கிறது. அங்கே இருந்தவர்களின் பெயர் இல்லை.

பிற்காலப் பகான் கல்வெட்டுகளில் ஆட்களின் பெயரும் வரத் தொடங்குகிறது. ஆண் என்றால் ‘ங’ என்ற முன்னொட்டு, பெண் என்றால் ‘இ’. சமையல்காரர், மத்தளக்காரர், தச்சர், மாடு மேய்ப்பவர், ஆடுபவர், ஓவியர் என்று தொழிலும் சேர்ந்து வரும். பர்மிய அடிமைகளோடு ‘குலா’ என்று அவர்கள் அழைத்த இந்திய அடிமைகளும் அந்தப் பட்டியல்களில் உண்டு. அதே பகானில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இருக்கிறது. மலைமண்டலத்து வணிகர் ஒருவர் நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபம் கட்டி, கதவும் விளக்கும் கொடுத்த செய்தி அது. நம் பாடநூல்கள் இந்த விளக்கைப் பெருமையோடு சொல்லும். பக்கத்துக் கல்லில் பெயரெழுதப்பட்டுக் கிடக்கும் இந்திய அடிமையைச் சொல்வதில்லை.

‘அடிமை’ என்று நாம் சொல்லும் இடத்தில் பர்மியச் சொல் ‘கியூன்’. அதை அடிமை என்று மொழிபெயர்ப்பது சரியா என்று மைக்கேல் ஆங்-த்வின் போன்ற வரலாற்றாசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் கட்டுப்பட்ட உறவு எல்லாவற்றுக்குமே அந்தச் சொல் வந்தது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. இன்றும் பர்மிய ஆண் ஒருவர் மரியாதையாக ‘நான்’ என்று சொல்லும்போது வரும் சொல்லே ‘அரசரின் கியூன்’ என்று பொருள்படும். நம் ‘அடியேன்’ போல. ஆனால் அடியேன் என்று சொல்லிக்கொள்பவரும், அடிமை என்று எழுதிவைக்கப்பட்டவரும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியாததா?

அந்த அரசுகளின் ஆள்கணக்கு எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். பர்மியச் சமவெளியில் நிலத்துக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். அதனால் அரசின் செல்வம் என்பது எத்தனை தலை கையில் இருக்கிறது என்பதே. மக்களைப் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் ‘அஹ்மூதான்’, அதாவது பணியைச் சுமப்பவர். மற்றவர் ‘அதி’. அதி மக்கள் வரி கட்டினார்கள், ஊர்த்தலைவருக்குக் கீழ் இருந்தார்கள், வேண்டியபோது வெட்டிவேலை செய்தார்கள், பெரும்போர் வந்தால் படைக்கும் இழுக்கப்பட்டார்கள். அஹ்மூதான்களின் நிலை வேறு. குதிரைப்படை, யானைப்படை, கேடயக்காரர், பீரங்கிக்காரர், போர்ப்படகு வலிப்பவர், அரண்மனைக் காவலர், தட்டார், நெசவாளர் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பணி. பணி பரம்பரை. அப்பன் கேடயக்காரன் என்றால் மகனும் கேடயக்காரன். அதற்குப் பதிலாக உழுது சாப்பிட நிலம். வரியில் சலுகை. முறைபோட்டுக்கொண்டு தலைநகருக்குப் போய்ப் பணி செய்வார்கள். முறை இல்லாதவர்கள் ஊரில் உழுவார்கள்.

இந்தக் குழுக்களைத் தலைநகருக்கு அருகே, சௌக்சே, ஷ்வேபோ போன்ற பாசன வளமுள்ள மேல்பர்மாப் பகுதிகளில் குவித்து வைத்தார்கள். அடிமட்டப் படைப்பிரிவுக்கு ‘ரத்தம் குடித்தவர்கள்’ என்று பொருள்படும் பெயர். ரத்தம் கலந்து குடித்து எடுத்த சத்தியத்தின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. ஒரே ஊரில் அதி வீடும் அஹ்மூதான் வீடும் அடுத்தடுத்து இருக்கும். ஆனால் அதிக்கு ஊர்த்தலைவர் நீதி சொல்வார். குதிரைப்படைக்காரன் அவர் சொல் கேட்க வேண்டியதில்லை. அவனுக்குத் தன் குழுத்தலைவர்தான் எல்லாம். வேறு வேறு குழுவில் இருக்கும் ஆணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டால் பிள்ளைகள் யாருடைய கணக்கில் சேரும் என்பதற்கு விதிகள் இருந்தன. காதலுக்குக் கணக்குப்பிள்ளை வைத்த அரசு!

இதெல்லாம் கேட்டவுடன் “இது சாதிதானே” என்று நமக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. பிறப்பால் தொழில், குழுவுக்குள் மணம், எழுதிவைத்த பட்டியல். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இங்கே கட்டுப்பட்டவன்தான் மேலே இருக்கிறான். பரம்பரைப் பணிக்குக் கட்டுப்பட்ட அஹ்மூதான், அரசனுக்கு நெருக்கமானவன் என்பதால் அதியைவிட மதிப்பானவனாகக் கருதப்பட்டான். அவன் தொட்டால் யாருக்கும் தீட்டில்லை. இவர்களிலேயே அரச நிலத்தை உழ வைக்கப்பட்ட ‘லமாய்ங்’ மக்களுக்கு மட்டும் மதிப்புக் குறைவு. பாபாசாகேப் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையின் நிழல் இதில் உண்டு. அதற்காக நம் ஊர் அமைப்பை அப்படியே அங்கே ஒட்டிவிடக் கூடாது.

இந்தக் குழுக்களுக்கு ஆள் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி போரில் பிடித்துவந்தவர்கள். 1613இல் சிரியம் துறைமுகத்தை வைத்திருந்த போர்ச்சுக்கீசியர் பிலிப் டி பிரிட்டோவை அனவுக்பெட்லுன் மன்னர் கழுவேற்றினார். அவரோடு இருந்தவர்களை வடக்கே மூ ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்தி, பரம்பரைப் பீரங்கிக்காரர் ஆக்கினார்கள். பயிங்ஜி எனப்படும் அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அங்கே கத்தோலிக்கராக இருக்கிறார்கள். மணிப்பூரிலிருந்து அலை அலையாகப் பிடித்துவரப்பட்டவர்கள் அமரபுரத்தில் பட்டு நெய்தார்கள், குதிரைப்படையில் சேர்க்கப்பட்டார்கள். 1767இல் அயூத்தியா வீழ்ந்தபோது சயாமிலிருந்து அரச குடும்பத்தார் முதல் கூத்துக்கலைஞர்கள் வரை ஓட்டிவரப்பட்டார்கள். தோற்ற நாட்டில் மண்ணை விட்டுவிட்டு மக்களை எடுத்துக்கொள்வதுதான் அந்தப் பகுதியின் போர் இலக்கணம்.

வந்த ஆள் தங்க வேண்டுமே. அரசுகளின் தீராத தலைவலி அதுதான். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெகுவை ஆண்ட நந்தபயின், சயாம் மீது மீண்டும் மீண்டும் படையெடுத்தார். மோன் மக்களைத் திரட்டிக்கொண்டே இருந்தார். ஓடினால் கண்டுபிடிக்க அவர்கள் கையில் குறியிட்டதாகவும், தப்பிக்கத் துறவியானவர்களின் காவியைக் களைந்ததாகவும் நாளாகமங்கள் சொல்கின்றன. மக்கள் காட்டுக்கும் அரக்கானுக்கும் சயாமுக்கும் ஓடினார்கள். வயல் பாழானது. 1599இல் அந்தப் பேரரசே சாய்ந்தது.

ஓடுவதற்குக் கால் மட்டும்தான் வழி என்றில்லை. நம் மனத்தை மிகவும் அலைக்கழித்த செய்தி இதுதான். அரசுப்பணியிலிருந்து தப்ப மக்கள் தாங்களாகவே தனியார் அடிமை ஆனார்கள். ஒரு இளவரசரிடமோ அமைச்சரிடமோ கடன் வாங்கி, தன்னை அடகு வைத்துவிட்டால் அவன் அவருடைய கியூன். அரசனின் பட்டியல் அவனைத் தொடாது. கடனை அடைத்தால் மீளலாம் என்ற வழியும் சட்டத்தில் இருந்தது. சமவெளியில் பயிர் பொய்த்த ஆண்டும் படைத்திரட்டு ஆண்டும் ஒன்றாக வந்தால் இந்த அடகு பெருகும். அரசனின் குதிரைப்படைக்காரனாகச் சாவதா, அமைச்சர் வீட்டில் அடகுப் பொருளாக உயிரோடு இருப்பதா? இரண்டாவதைத் தேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அரசர்கள் அதைத் தடுக்க இத்தனை ஆணைகள் போட்டிருக்க மாட்டார்கள். வரலாற்றாசிரியர் விக்டர் லிபர்மன் இந்த நுனியைப் பிடித்துத்தான் பர்மிய அரசுகளின் எழுச்சி, வீழ்ச்சிகளை விளக்குகிறார். அரசனின் ஆட்கள் கசிந்து பெருமக்களின் ஆட்களாகிறார்கள். அரசனுக்குப் படை குறைகிறது. மிச்சமிருப்பவன் மேல் பாரம் கூடுகிறது. அவனும் கசிகிறான்.

1629 முதல் 1648 வரை ஆண்ட தலுன் மன்னர் இந்தக் கசிவை அடைக்கத் தீவிரமாக முயன்றவர். தலைநகரை 1635இல் ஆவாவுக்கு மாற்றினார். ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். யார் எந்தக் குழு, யாருடைய நிலம், எந்த நிலம் கோயிலுக்குரியது என்று பதிவு செய்தார். தலுனைப் பாராட்டி எழுதும் நூல்கள் உண்டு. நல்ல நிர்வாகி என்பார்கள். இருக்கலாம். அவருடைய கணக்கேட்டை, அதில் எழுதப்பட்டவன் பக்கம் உட்கார்ந்து யாராவது படித்தால் நன்றாக இருக்கும்.

அடுத்த பெரும் கணக்கெடுப்பு 1783இல், போதவ்பயா மன்னர் காலத்தில். ‘சித்தான்’ என்று பெயர். ஊர்த்தலைவர்கள் தங்கள் எல்லை, பரம்பரை உரிமை, செலுத்தும் வரி எல்லாவற்றையும் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். 1802இல் மறுபடியும் எடுத்தார்கள். கணக்கு கையில் வந்ததும் மன்னருக்கு ஆசை பெருத்தது. 1784-85இல் அரக்கானைப் பிடித்து மகாமுனி புத்தர் சிலையை அமரபுரத்துக்குக் கொண்டுவந்தார். 1785இல் சயாம் மீது பல முனைகளில் படையெடுத்தார். சயாமில் அதை ஒன்பது படைப் போர் என்கிறார்கள். 1,44,000 பேர் என்று பழைய நூல்கள் எழுதுகின்றன; அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உணவு வழங்கல் சீர்குலைந்து படை தோற்றுத் திரும்பியது உண்மை. அது போதாதென்று 1790 வாக்கில் மிங்குனில், உலகிலேயே பெரியதாக ஒரு பகோடா கட்டத் தொடங்கினார். சுமார் 150 மீட்டர் உயர வேண்டியது. மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நின்றுபோனது. இன்று சுற்றுலாப் பயணிகள் வெடிப்பு விழுந்த அந்தச் செங்கல் மலையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

செங்கல் சுமந்தவர்களில் அரக்கான் மக்களும் உண்டு. மெய்த்திலா ஏரி வேலைக்கும் அவர்களே, சயாம் போருக்கும் அவர்களே. தாங்காமல் நாஃப் ஆற்றைக் கடந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் எல்லைக்குள் பல்லாயிரம் பேர் ஓடினார்கள். அவர்களைக் குடியமர்த்த அனுப்பப்பட்ட கேப்டன் ஹிராம் காக்ஸ் 1799இல் அங்கேயே இறந்தார். காக்ஸ் பஜார் என்ற ஊர்ப்பெயர் அப்படி வந்தது. அதே காக்ஸ் பஜாரில்தான் இன்று ரோஹிங்கியா அகதி முகாம்கள் இருக்கின்றன. அன்று ஓடியவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள். இந்த அகதிகளைத் துரத்திக்கொண்டு பர்மியப் படை எல்லை தாண்டியது, கம்பெனி முறைத்தது, பூசல் வளர்ந்து 1824இல் முதல் ஆங்கில-பர்மியப் போராக வெடித்தது. அந்தப் போருக்குக் கம்பெனி அனுப்பியவற்றில் மதராஸ் படைப்பிரிவுகளும் இருந்தன. பறையர் மக்கள் சிப்பாய்களாக இருந்த படை அது. எதிரே நின்றது மகா பந்துலாவின் திரட்டுப்படை. 1825 ஏப்ரலில் தனுபியுவில் பந்துலா செத்ததும் அந்தப் படையில் பெரும்பகுதி கலைந்து ஊர் போய்ச் சேர்ந்தது. அறுவடையும் பிள்ளைகளும் அவர்களுக்கு ஊரில்தானே இருந்தன.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருவோம். பர்மாவில் படைச்சேவை சாதி ஆகவில்லை என்றோம். ஆனால் பகோடா அடிமை, ‘பயா கியூன்’, ஆனார். பகான் காலத்தில் அந்த நிலைக்கு இழிவு இருந்ததாகத் தெரியவில்லை. வசதியுள்ளவர்களே புண்ணியம் தேடித் தங்களையும் தம் குடும்பத்தையும் கோயிலுக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். கோயிலின் ஆளை அரசன் படைக்கு இழுக்க முடியாது என்பதால் அது ஒரு நிழலாகவும் இருந்தது. பிறகு போர்க்கைதிகளையும் தண்டனை பெற்றவர்களையும் கோயிலுக்குக் கொடுப்பது பெருகியது. நாளாகமங்களின்படி, தாதோன் மன்னர் மனுகா 1057இல் அனவ்ரதாவிடம் தோற்று, பகானுக்குக் கொண்டுவரப்பட்டு, குடும்பத்தோடு ஷ்வேசிகோன் பகோடாவுக்கு அடிமையாகத் தரப்பட்டார். இந்தப் படையெடுப்பே நடந்ததா என்று ஆங்-த்வின் கேள்வி எழுப்பியிருக்கிறார். நடந்ததோ இல்லையோ, ஒரு மன்னரை அவமதிக்க எது போதும் என்று நாளாகமம் எழுதியவர்கள் நினைத்தார்கள் என்பதை அந்தக் கதை காட்டிவிடுகிறது.

மற்ற கியூனுக்கு மீட்சி உண்டு. கடன் தீர்ந்தால் போகலாம், எசமான் விட்டால் போகலாம். புத்தருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்க யாருக்கு அதிகாரம்? அரசனுக்கே இல்லை என்றது மரபு. மியாசேதியில் பார்த்தோமே, அந்தச் சாபம், அடிமையைக் காக்கிறேன் என்று சொல்லி அவரைத் தலைமுறை தலைமுறையாகப் பூட்டிவிட்டது. 1882இல் பர்மிய வாழ்க்கை பற்றி ஷ்வே யோ என்ற புனைபெயரில் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட் நூல் எழுதியபோது, பகோடா அடிமைகள் முழுமையாக ஒதுக்கப்பட்டவர்களாக இருந்தார்கள். கோயிலைப் பெருக்குபவர்கள், பிரகாரத்தில் பொருள் விற்பவர்கள். மற்றவர்கள் அவர்களோடு மணஉறவு கொள்வதில்லை. கொண்டால் கொண்டவரும் பகோடா அடிமை. அவர்கள் வரிசையிலேயே பிணக்குழி வெட்டுபவர்களும் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பர்மியத்தில் என்ன பெயர் தெரியுமா? சண்டாளர் என்ற அதே பாலிச் சொல்லின் திரிபு. புத்தரின் பெயரை ஏந்திக் கடல் தாண்டிய மொழி இந்தச் சொல்லையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போயிருக்கிறது.

மனுவும் போயிருக்கிறார். பர்மியச் சட்ட நூல்களில் புகழ்பெற்றதன் பெயர் ‘மனுச்சே தம்மதாத்’. 18ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. பெயரைக் கேட்டதும் நாம் மகாத் நோக்கிப் போய்விடுவோம், 1927 டிசம்பர் 25க்கு. அவசரப்பட வேண்டாம். அந்த மனு வேறு ஆள். மாடு மேய்க்கும் சிறுவன். வழக்குகளை நியாயமாகத் தீர்த்ததால் மக்கள் தேர்ந்தெடுத்த மகாசம்மத அரசனுக்கு நீதிபதி ஆனவன். நால்வருணம் அந்த நூலின் முதுகெலும்பு அல்ல. பௌத்தம் மனுவை அந்த அளவுக்கு மாற்றியிருக்கிறது. அதைச் சிறிய செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் அடிமைகளில் எத்தனை வகை என்று வகைப்படுத்தும் பகுதி அந்த நூலிலும் இருக்கிறது. அரண்மனைச் சடங்குகளுக்குப் பிராமணர்களும் இருந்தார்கள், ‘பொன்னா’ என்ற பெயரில்.

பரம்பரைப் பணி முறையை உள்ளிருந்து தளர்த்தியவர் மிண்டோன் மன்னர். 1860களில் வீட்டுவரி கொண்டுவந்து, பணியாளருக்கும் அதிகாரிகளுக்கும் சம்பளம் கொடுக்கப் பார்த்தார். 1885இல் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்ததும் அஹ்மூதான் பட்டியல்கள் வெறும் ஓலை ஆயின. குதிரைப்படைக்காரன் மகன் விவசாயி ஆனான். யாரும் அவன் பிறப்பைக் கேட்கவில்லை. பகோடா அடிமைக்கு அது நடக்கவில்லை. அடிமை முறையை ஆங்கிலச் சட்டம் ஏற்காததால் அவர் சட்டப்படி சுதந்திரமானவர். ஊரில் அவர் அதே பகோடா அடிமை. பெயரை மாற்றிக்கொண்டு வேற்றூர் போனவர்கள் தப்பினார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கடைசி மன்னர் தீபாவை மதராஸ் வழியாகக் கொண்டுபோய் ரத்னகிரியில் வைத்தார்கள். 1916இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். பாபாசாகேப்பின் பூர்வீக ஊரான அம்படவே அதே ரத்னகிரி மாவட்டத்தில்தான். பிறப்பாலே ஆண்களைப் படையில் பூட்டிய முடியாட்சியின் கடைசி மனிதர் அங்கே சிறைப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில், 1890களின் தொடக்கத்தில், மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியது. சுபேதார் ராம்ஜி போன்றவர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்பாலே படை மூடப்பட்டது. 1941இல் மகர் ரெஜிமென்ட் அமையும்வரை போராட வேண்டியிருந்தது.

தங்கையே, நீங்கள் இப்போது ஆய்வு மாணவி, இந்த அரங்கில்தான் இருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில்: இருந்தது. அரசனின் படையில் அல்ல, புத்தரின் முற்றத்தில் இருந்தது. பாபாசாகேப் 1954இல் ரங்கூனில் இறங்கியபோதும் அந்தப் பிள்ளைகள் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்திருப்பார்கள். பகான் கல்வெட்டுகளின் அடிமைப் பெயர்ப் பட்டியல்களில் எதுவும் இன்னும் தமிழில் வந்ததாக எங்கள் கண்ணில் படவில்லை. ‘ங’ என்றும் ‘இ’ என்றும் தொடங்கும் அந்தப் பெயர்களை, குலா என்று குறிக்கப்பட்டவர்களிலிருந்து தொடங்கி, அடுத்த ஆண்டு இதே நாளுக்குள் யாராவது எழுதி எடுத்து வந்தால் அண்ணன் பெயரால் நாம் அதை அச்சிடலாம்.